அழிக்கவா என்று கேட்ட டேப்லெட்

திண்டிவனத்தில் தஸ்லீமா மாதிரி ஒரு அழுத்தக்காரியைப் பார்ப்பது கஷ்டம். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில், கூடப் படித்தவர்களெல்லாம் படம் பார்த்தார்கள். இவள் அதிலிருந்த லினக்ஸ் இயங்குதளத்தைத் தோண்டித் துருவினாள். கல்யாணமாகி வந்தபோது லேப்டாப்பும் கூடவே வந்தது. கடையில் பாட்டு ஏற்றித் தரும் மெமரி கார்டில் வைரஸ் வருகிறதென்று, எந்தக் கார்டு கிடைத்தாலும் அதிலிருப்பதை அழித்து லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்துவிடுவாள். மற்ற கருவிகளில் அது திறக்காதே என்ற யோசனை அவளுக்கு வரவில்லை.

2014இல் மாமனார் காஜா மொய்தீன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். குவைத்திலிருந்த மகனும் அவள் கணவனுமான இர்பானுக்கு லீவு கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் கடைசியாகப் பேசியதைத் தஸ்லீமா போனில் வீடியோ எடுத்து, லேப்டாப் வழியாகக் கார்டில் போட்டிருந்தாள். என்ன பேசினார் என்று கணவன் கேட்டபோதெல்லாம், "வந்து பாருங்க" என்பதோடு சரி. பிறகு போன் தண்ணீரில் விழுந்தது, லேப்டாப்பின் போர்டு எரிந்தது. மிஞ்சியது கார்டு ஒன்றுதான்.

இர்பான் வந்ததும், கொண்டுவந்த டேப்லெட்டில் அதைச் செருகினான். கார்டு காலி, ஃபார்மட் செய்யவா என்று திரை கேட்டது. அவன் விரல் போன வேகத்துக்கு, தஸ்லீமா பிடுங்கியிராவிட்டால் காஜா மொய்தீன் இன்னொரு தடவை மவுத்தாகியிருப்பார்.

"காலின்னு சொல்லுதே. அழிச்சிட்டியா?"

"இல்லங்க. உள்ளதான் இருக்குது. இதுக்குப் படிக்கத் தெரியல."

"அத்தா மூஞ்சியத்தான் பாக்கல. கொரலையும் இல்லாம பண்ணிட்டியே."

இர்பானின் அம்மா சாரா பீவி துவா ஓதிக்கொண்டிருந்தார்.

நல்லவேளையாக அந்த மலிவு டேப்லெட்டும் அடியில் லினக்ஸ்தான்; உள்வரை போகவிடும் ரூட் அனுமதியும் அதில் திறந்தே கிடந்தது. கட்டளை அடிக்கும் ஆப் ஒன்றை இறக்கி, கார்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் இணைக்கும் கட்டளையை அடித்தாள். பிழை. மறுபடியும் பிழை. விரல் வியர்த்து வழுக்கியது.

"கார்டக் குடு. விழுப்புரத்துல கடையில காட்டிக்கினு வர்றேன்."

"அவங்க மொதல்ல ஃபார்மட்தான் பண்ணுவாங்க. கொஞ்சம் இருங்க."

கட்டளையில் கார்டின் பெயரைத் தப்பாகக் கொடுத்திருந்தது தெரிந்தது. திருத்தி அடித்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. பிழை இல்லாவிட்டால் லினக்ஸ் வாயைத் திறக்காது. வீடியோவை ஓடவிட்டாள்.

காஜா மொய்தீன் மூச்சு வாங்கினார். "இர்பான் பிளைட்டு ஏறிட்டானாம்மா?"

"ஏறிட்டாரு மாமா. காலைல இங்க இருப்பாரு." படத்தில் முகம் தெரியாத தஸ்லீமாவின் குரல்.

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார்.

வீடியோ எடுத்த அன்று, இர்பானுக்கு லீவு இல்லையென்று குவைத்தில் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தஸ்லீமா தலை நிமிரவில்லை. இர்பான் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

"ஏறிட்டாருன்னு சொன்னியே," என்றான். "அத மறுபடியும் போடு."