தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மாலை

மகள் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் மேற்கே நாகமலைப் பக்கம் வானம் கறுத்தால் என் கை தானாகப் போனைத் தேடும்.

ஐப்பசியில் முகூர்த்தம் வைத்தது தெரிந்தே செய்த காரியம். அதை விட்டால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் மழைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்திருந்தோம். நாகமலை புதுக்கோட்டை மண்டப வாசலில் தகரப் பந்தல், காரிலிருந்து இறங்குபவர்களுக்குப் பெரிய குடைகள், படியில் வழுக்காமல் இருக்கச் சாக்கு, ஜெனரேட்டருக்கு டீசல். என் அண்ணனுக்குத்தான் எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். சோழவந்தானிலிருந்து முதல் நாளே வந்து தங்கிவிடும்படி அண்ணனிடம் கெஞ்சினேன். "மாமன் சீரு ராத்திரியே வந்து மண்டபத்து மூலையில கெடக்குறதுக்கா? காலையில நாலு பேரு பாக்க மேளத்தோட வாரேன், போ" என்று சொல்லிவிட்டார்.

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். ஏழு மணி வாக்கில் அண்ணன் போன் செய்தார். வழியில் ஓடைத் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறதாம், சீர்த் தட்டுகளோடு வேன் அந்தப் பக்கமே நிற்கிறதாம். சுற்றி வரலாமே என்றேன். அந்தப் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது என்றார். அதன் பிறகு எத்தனை முறை அடித்தும் போன் போகவில்லை.

விஷயம் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. பெண் சின்ன வயதில் பச்சரிசி தின்றிருப்பாள், அதுதான் இப்படிக் கொட்டுகிறது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேலி பேசினார். அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தின்றது உண்மைதான்.

நேரம் நெருங்கியதும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். என் சித்தப்பா மகனும் மாமன் முறைதானே, அவரே மாலையைப் போடட்டும், நல்ல நேரம் தவற வேண்டாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். காது குத்தியதிலிருந்து எல்லாமே அந்த மாமன் மடியில்தான் அவளுக்கு. "மாமா வராம நான் எந்திரிக்க மாட்டேன்மா" என்றாள். அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சம்பந்தியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? தல்லாகுளத்தில் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிச்சயத்துக்கு நாங்கள் கொஞ்சம் பிந்தியதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். நான் தயங்கி நிற்கும்போது அவரே அறைக்குள் வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"மதினி, மழைக்காக மாமனை மாத்த முடியுமா? இது போனா பத்தரைக்கு ஒரு நேரம் இருக்காம், ஐயர்ட்ட கேட்டுட்டேன். மொதல்ல நீங்க ஒரு காபி குடிங்க."

காபியைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

வாசலில் தவில் இல்லாமல் ஒற்றை நாயனம் மட்டும் கேட்டது. ஓடினேன். பந்தலுக்கு வெளியே ஒரு டிராக்டர். பின்னால் டிரெய்லரில் தலையில் தட்டும், தட்டின் மேல் வாழை இலையுமாக என் சொந்தங்கள் நின்றார்கள். தவிலைத் தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தார்கள். பாலத்தில் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், வேன் இறங்க முடியாத இடத்தில் பக்கத்து வயல்காரர் தன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்.

கடைசியாக அண்ணன் இறங்கினார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இடுப்பில் சாயம் போன ஒரு கைலி. மார்போடு அணைத்திருந்த மூட்டையை என்னிடம் நீட்டினார். அவருடைய பட்டு வேட்டி அது, மேலே பாலித்தீன் பை. பிரித்தால் உள்ளே மாலை, ஒரு பூகூட நனையாமல்.

"என்னண்ணே இது கோலம்?"

"மாலை நனையலைல? நட."

மாற்று வேட்டி எடுத்துவர மாப்பிள்ளையே எழுந்து ஓடினார். அண்ணன் காத்திருக்கவில்லை. அப்படியே போய் மகள் கழுத்தில் மாலையைப் போட்டார். கைலி யாருடையது என்று அவள் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

"டிராக்டர்காரரோடது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும், பேசாம வா" என்று கையைப் பிடித்து நடத்தினார். மணவறை வரைக்கும் அவர் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. ஒன்பதுக்குள் தாலி ஏறியது. தகரத்தில் விழுந்த மழையில் கெட்டிமேளமே காதில் விழவில்லை என்று பலர் சொன்னார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது.

ஆல்பத்தில் அந்தக் கைலிப் படத்தைப் போடவா வேண்டாமா என்று போட்டோக்காரர் கேட்டபோது, முழுப் பக்கத்துக்குப் போடச் சொன்னவர் சம்பந்தியம்மாதான்.

போன வாரம்கூட மழை இறங்கியது. அண்ணனைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"வீட்டுலதான் தாயி இருக்கேன்" என்றார். "இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?"