கன்னத்துக்குள் போன காற்று

அவனுக்குப் பன்னு என்று பெயர் வைத்ததே நாங்கள்தான். காதுக்கு முன்னால் இடது கன்னம் பன்னைப் போல உப்பியிருந்தது. சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவன் கண்ணாடி ஊதுகிறவன். இருபத்திரண்டு வருஷம். உலையில் உருகிக் கிடப்பதைக் குழாய் நுனியில் சுருட்டி எடுத்து, மருந்து ஆலைகளுக்கான பெரிய குடுவைகள் ஊதுவான். மூச்சு நெஞ்சிலிருந்து வர வேண்டும், கன்னம் தட்டையாக இருக்க வேண்டும். கன்னத்தை உப்பி ஊதுகிறவனைத் 'தவளை' என்பார்கள். ஒரு குழாய்க்கு மூன்று பேர் இருந்தவரை பன்னு தவளை இல்லை. ஒருவன் ஊதும்போது இருவர் மூச்சு வாங்கலாம். நிர்வாகம் மூன்றாவது ஆளைப் பிடுங்கியது. மத்தியானத்துக்கு மேல் எவனுக்கு நெஞ்சில் காற்று இருக்கும்? பட்டறையே தவளைப் பட்டறை ஆனது.

வீக்கம் வந்ததும் கம்பெனி டாக்டர் எட்டி நின்று பார்த்தார். தொடக்கூட இல்லை.

"பொன்னுக்கு வீங்கி. ஒட்டிக்கும். வீட்டுக்குப் போ."

இறங்கியது, வந்தான். மறுபடி வீங்கியது, மறுபடி பொன்னுக்கு வீங்கி. மூன்றாவது தடவையும் அதே. ஒரு தடவை வந்தால் அநேகமாகத் திரும்ப வராத நோய் அது. பிள்ளை பெற்றவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டாக்டருக்குத் தெரியாதா? வீட்டிலிருந்து கொண்டு வந்த நோய் என்றால் நிர்வாகம் கை கழுவலாம். உலையடியில் வந்தது என்றால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

ஒரே குழாயில் மாறி மாறி வாய் வைக்கும் தொழில். ஆட்கள் பயந்தார்கள். அவனை ஊதவிடக் கூடாது என்று சங்கமே மனுக் கொடுத்தது. நான் அப்போது செயலாளர், கையெழுத்து என்னுடையது. முதலாளி செய்ய வேண்டிய வேலையை நாங்களே செய்து கொடுத்தோம். மனு போனதும் அவனை ஊதாமல் நிறுத்தி வைத்தார்கள். அவனோடு ஜோடி சேர்ந்து ஊதிய மச்சான், அவன் மனைவியின் தம்பி, பன்னு வாய் வைத்த குழாயை மணலில் போட்டுத் தேய்த்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"எடுத்துக்கல மாப்ள. தேய்ச்சுத் தேய்ச்சு அதுல இன்னொரு ஓட்டை போட்டுடாத."

வாய்க்குள் உப்புக்கரித்து நுரை வருகிறது என்று சொன்னதும் அவன் மனைவி அவனைப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கையெழுத்து உறுத்தியதால் நானும் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா கன்னத்தில் விரலை வைத்து அமுக்கினார். நறநறவென்றது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உள்பக்கம் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து குமிழி குமிழியாக நுரை வந்தது.

"எச்சில் எங்கேருந்து வருதுன்னு நினைச்சீங்க?"

"வாய்லேருந்துதான்."

"வாய் வெறும் தொட்டி. பெரிய சுரப்பி மூணு ஜோடி இருக்கு. நாக்குக்கு அடியில, தாடைக்கு அடியில, காதுக்கு முன்னால. திராட்சைக் கொத்து மாதிரி. மணிக்குள்ள ஊறுற எச்சில் காம்பு வழியா இந்தத் துளைக்கு வரும். இது வெளிய வர்ற வழி. நீங்க உள்ள ஊதியிருக்கீங்க."

"பொறந்ததுலேருந்தே இந்தக் காம்பு இருக்கா?"

"அதுக்கும் முந்தி. அம்மா வயித்துல ஆறாவது வாரமே வாயோட உள்தோல் மொட்டு விடும். கிளை விட்டுக் கிளை விட்டுக் காதுகிட்ட போகும். முதல்ல கெட்டிக் குச்சிதான். அப்புறம்தான் நடுவுல பொந்தாகும்."

பன்னு நிமிர்ந்து உட்கார்ந்தான். "கெட்டிய பொந்தாக்குறது நம்ம தொழிலாச்சே! அங்க யாரும்மா ஊதுறா?"

"யாரும் ஊதல. நடுவுல இருக்குற செல்லெல்லாம் செத்து வழி விடுது."

"எங்க பட்டறை மாதிரின்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சீட்டில் இரண்டு வரி எழுதினார். மேல் வரி: இது ஒட்டாது, ஊதும் வேலையால் சுரப்பிக்குள் காற்று புகுந்திருக்கிறது. கீழ் வரி: இனி ஊதக் கூடாது. ஊதினால் காற்றோடு கிருமியும் போகும், சீழ் பிடிக்கும். அறுத்தெடுப்பதும் சுலபமில்லை. முகத்து நரம்பு அந்தச் சுரப்பிக்கு நடுவேதான் ஓடுகிறது. கை தவறினால் கண் மூடாது, வாய் கோணிக்கொள்ளும்.

வாசலில் நான்தான் சொன்னேன். "கீழ் வரிய மடிச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்துடலாம்டா. மேல் வரி போதும், குழாய் திரும்பக் கிடைச்சிடும்."

அவனுக்கு வேண்டியதே அந்தக் குழாய்தான். சீட்டை மடிக்கவும் செய்தான்.

"காகிதத்த மடிச்சா கன்னத்துக்குத் தெரியாமப் போயிடுமா?" என்றாள் மனைவி.

அவன் சீட்டைப் பிரித்துவிட்டான். "மத்தவன் கன்னத்துக்கு யாருண்ணே சொல்றது? வேணாம்."

மறுநாள் காலை ஷிப்டில், உலையடியில், இரண்டு வரியையும் உரக்கப் படித்தான்.

"என்னடா முழிக்கிறீங்க? அவனவன் கன்னத்த அமுக்கிப் பாருங்கடா."

மச்சான் இளித்துக்கொண்டே அமுக்கினான். இளிப்பு நின்றது.

"மாமா... எனக்கும் நறநறங்குது."

பதினாறு பேரில் ஐந்து பேருக்கு இருந்தது. குழாய்களைக் கீழே வைத்துவிட்டுப் பதினாறு பேரும் கம்பெனி டாக்டர் அறைக்குப் போனோம். மச்சான் மேஜைமேல் குனிந்து கன்னத்தைக் காட்டினான்.

"எனக்கும் எழுதுங்க சார், பொன்னுக்கு வீங்கி. அஞ்சு பேருக்கும் எழுதுங்க. ஒட்டிக்கும்ல? மிச்சப் பேரும் வீட்டுக்குப் போறோம். உலைய நீங்க பாத்துக்குங்க."

ஆளில்லாமல் உலை அணைந்தால் கண்ணாடி உள்ளேயே உறைந்து, அதை உருக்கும் பானை வெடிக்கும். டாக்டரின் பேனா நகரவில்லை. அன்றைக்குத்தான் அந்த மனுஷன் முதல் தடவையாக ஒரு ஊதுகாரன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வாரமே குழாய்க்கு மூன்றாவது ஆள் வந்தான். பன்னுவுக்குக் குழாய் ஒரேயடியாகப் போனது. ஆறிய குடுவைகளின் கழுத்தை வெட்டும் பக்கம் மாற்றினார்கள். மாற்றல் தாளை நீட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அச்சடித்திருந்தது.

அவன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். "நான் கேக்கல, நீங்க எடுத்தீங்க. அப்படி எழுதிக் கொண்டாங்க, போடுறேன்."

எழுதிக் கொண்டுவரவே இல்லை. ஏழு வருஷமாகக் கழுத்து வெட்டுகிறான். தாளில் அவன் கையெழுத்து இன்னும் விழவில்லை.