நான் நிப்பாட்டின பவுசர்

கனடாவின்ரை வடக்கில, லொறி திருத்திற கராஜில எனக்கு முதல் நாள் வேலை. குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. ஆனா என்னை உலுப்பினது குளிரில்லை. லொறியள் நிப்பாட்டிற யாட்டில எண்ணெய் ஏத்திற டாங்கி லொறி, ஒரு பவுசர் நிக்குது, சீற்றில ஆளில்லை, எஞ்சின் தன்ரை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்குது.

நான் ஆர்? எங்கடை ஊர் மருதனார்மடத்தில டீசலுக்கு மூண்டு நாள் வரிசையில நிண்ட ஆள். அந்தத் தட்டுப்பாடு முடிய முன்னமே பிளேன் ஏறினன். எங்கடை ஊரில சந்தியில ரெண்டு நிமிசம் நிண்டாலும் எஞ்சினை நிப்பாட்டுவம். ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாப் போகும். 'கடவுளே, உவங்களுக்கு டீசலின்ரை அருமை தெரியேல்லையே' எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. ஏறிச் சாவியைத் திருப்பினன். பெரிய புண்ணியம் செய்த மாதிரி உள்ளுக்குப் போய் ஒரு டயர் மாத்தினன்.

ரெண்டு மணித்தியாலம் போயிருக்கும். டிரைவர் லிண்டா எண்ட வெள்ளைக்கார மனுசி சாப்பிட்டு, காகிதங்களும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனவ, ஓடி வாறா. பவுசர் ஸ்ரார்ட் வருதில்லையாம். கராஜ் போர்மன் குணம் அண்ணை எங்கடை பக்கத்துக் கரவெட்டி ஆள். முதலாளியோட கதைச்சு எனக்கு இந்த வேலை எடுத்துத் தந்தவரே அவர்தான். அவரின்ரை முகம் கறுத்துப்போச்சு.

"அதுக்குள்ள இருக்கிறது ஹீற்றர் எண்ணெய் தம்பி. அங்கால ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போகோணும். அவையிட்டை இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும்தான் எண்ணெய் இருக்காம். ஓட்டமே அஞ்சு மணித்தியாலம். பன்ரண்டுக்காவது வெளிக்கிடோணும்."

அப்ப நேரம் பத்து.

"ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தானா நிண்டிருக்கு. ஓடேக்கை சூடான டீசல் திரும்பி டாங்குக்கு வரும், உறையாது. அப்ப பம்ப்தான் போயிருக்கு. கழட்டுவம், சாமானை எடு" எண்டார்.

பம்பைக் கழட்டினா அண்டைக்கு முழுநாளும் சரி. சொன்னா முதல் நாளே வீட்டை அனுப்பிவிடுவாங்கள். சொல்லாட்டி அங்கை ஒரு ஆஸ்பத்திரி விறைக்கும். எடுத்த ஸ்பனரைத் திரும்ப வைச்சிட்டன்.

"அண்ணை, அது தானா நிக்கேல்லை. நான்தான் நிப்பாட்டினன்."

"என்னது?"

"சும்மா ஓடிக்கொண்டு நிண்டிது. டீசல் வீணாப் போகுதெண்டு..."

"அட சனியனே!" எண்டு கத்தினார். பிறகு தலையில கையை வைச்சுக்கொண்டு மனுசன் சிரிக்கத் தொடங்கிட்டார். "அப்பாடா! அப்ப பம்புக்கு ஒண்டுமில்லை. குளிர் குறைஞ்ச தெற்குப் பக்கத்தில நிரப்பின டீசல், இந்தக் குளிருக்குத் தாங்காது, உறைஞ்சுபோச்சு. உதைச் சொல்ல இவ்வளவு நேரமோடா?"

பிறகு எங்களுக்குக் கால் தரையில நிக்கேல்லை. டாங்கைச் சுத்தித் தார்ப்பாயைக் கட்டி, உள்ளுக்குச் சுடுகாத்து அடிச்சம். எஞ்சினுக்கு இருக்கிற கரண்ட் ஹீற்றரைக் கொழுவினம். டீசல் பில்டரைக் கழட்டினா, மெழுகுதிரியை உருக்கி ஊத்தின மாதிரி வெள்ளையா அடைச்சுப்போய்க் கிடக்குது. புதுப் பில்டரைக் கையில எடுத்துக்கொண்டு கேட்டன்: "அண்ணை, மண்ணெண்ணெய் இருக்கோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "நீயும் மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓடின ஆளோ?"

"பின்னை? சண்டைக்காலத்தில பெற்றோலைக் கண்ணாலயும் காணேல்லையே."

இங்கத்தைய குளிர்கால டீசலும் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான், லேசில உறையாது எண்டார். பில்டரை மண்ணெண்ணெயால நிரப்பி, டாங்குக்கும் கொஞ்சம் கலந்தம். பதினொண்டே முக்காலுக்கு லிண்டா சாவியைத் திருப்பினா. இருமிச்சுது. திரும்பவும் இருமிச்சுது. மூண்டாந்தரம் வெள்ளைப் புகை கக்கிப் பிடிச்சுது பாருங்கோ, அந்தச் சத்தத்தை மாதிரி நான் ஒரு மேளத்தையும் கேட்டதில்லை.

ஆறு மணிக்கு லிண்டா போன் எடுத்தா. எண்ணெய் இறக்கியாச்சாம், ஆஸ்பத்திரி ஹீற்றர் ஓடுதாம். எனக்கு அழுகையே வந்திட்டுது. குணம் அண்ணை பாக்காத மாதிரி வெறும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டார். முதலாளியிட்டை அவர் கடைசிவரை மூச்சு விடேல்லை.

ரெண்டு குளிர்காலம் அங்கை நிண்டிட்டு, இப்ப திரும்பவும் மருதனார்மடத்தில கராஜ் வைச்சிருக்கிறன். இந்தத் தொழிலுக்கு வாறவைக்கு ஒண்டு சொல்லுறன். ஓடுற எஞ்சினில கை வைக்க முதல், ஏன் ஓடுதெண்டு கேளுங்கோ. கேக்காமல் வைச்சிட்டியளோ, உடனே வாயைத் திறவுங்கோ. நீங்கள் மறைச்ச பிழையைத் தேடித்தான் மற்றவன் நல்ல பம்பைக் கழட்டுவான்.

ஓ, சொல்ல மறந்திட்டன்: அந்தப் பவுசர் போன அடுத்த நாள் காலமை நான் வேலைக்குப் போனா, யாட்டில ஓடிக்கொண்டு நிண்ட அத்தனை லொறி ஸ்ரேறிங்கிலயும் ஒரு கடதாசி ஒட்டியிருக்குது. தமிழில, கொட்டை எழுத்தில: 'தம்பி, கை வையாதை.' அந்த யாட்டில தமிழ் வாசிக்கத் தெரிஞ்சது நாங்கள் ரெண்டு பேர்தான். ஒண்டு எழுதின ஆள்.