பெட்டி வண்டி இடித்த விமானம்

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. சென்னையில் வேலை பார்க்கும் கணவரிடம் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். இறக்கைக்குப் பின்னால் சன்னலோர இருக்கை. மடியிலேயே தூங்கிவிட்டாள்.

சன்னலுக்கு நேர் கீழே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியும் ஏறியபின், பெட்டிகளை மேலே கொண்டுபோகும் பெல்ட் வண்டி பின்னால் நகர்வதற்குப் பதிலாக ஒரு முழம் முன்னால் வந்தது. இருக்கை லேசாக அதிர்ந்தது. மகள் கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டாள். வண்டி பின்னால் போய்த் திரும்பிச் சென்றுவிட்டது. கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இடித்ததா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? கொசுக்கடியை அம்மை என்று நினைத்து மருத்துவரிடம் ஓடியவள் நான். அடுப்பு கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொன்னவள். என் சந்தேகத்தின்மேல் எனக்கே மரியாதை கிடையாது.

ஆனாலும் அந்தப் பக்கம் வந்த பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னமோ, வெளிய அந்த வண்டி லேசாத் தொட்டாப்பல இருந்துச்சுங்க. நேரமிருந்தாப் பாருங்க."

"சரிங்க மேடம்" என்று சிரித்துவிட்டு, மேலே ஒரு பையைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை. நான் சொன்ன விதத்தில் அதற்குமேல் என்ன புரியும்?

பக்கத்து இருக்கைக்காரர் சோமனூரில் தறி ஓட்டுபவர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். "ஏனம்மணி, டயரைத் தட்டிப் பாக்கறதுக்கு இதென்ன டவுன் பஸ்ஸா? அவிங்களுக்குத் தெரியாதா? சாயங்காலம் ரிசப்சனுங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் நானு. நேரத்துக்குப் போகோணும்."

முன்னால் கதவைச் சாத்தப் போனார்கள். மடியில் மகளின் மூச்சு சூடாக என் கையில் பட்டது. மேலே இருந்த பொத்தானை அழுத்தினேன். அதே பணிப்பெண் வந்தார்.

"வண்டி பிளேன் மேல இடிச்சுது. நான் பார்த்தேன். கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி யாராவது இறங்கிப் பார்க்கணும்."

என் குரலா அது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் முகம் மாறியது. நேராக விமானியிடம் போனார்.

பத்து நிமிடத்தில் கீழே நான்கு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அரை மணியில் எங்களை இறக்கிவிட்டார்கள். பெட்டி ஏற்றும் கதவுக்குப் பக்கத்தில் தகடு ஒடுங்கியிருக்கிறது, வேறு விமானம் வரும் என்றார்கள்.

"யாரோ ஒரு பொம்பளை சொல்லிக் குடுத்துட்டாளாமா" என்று பின்னால் ஒருவர் அலுத்துக்கொண்டார். நான் மகளுக்குச் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

விமான நிலையக் கூடத்தில் எங்களைக் கடந்துபோன பொறியாளரை நிறுத்தி, "பெருசாங்க?" என்றேன்.

"விரல் நீளம் இருக்கும் மேடம். உள்ள எப்படியிருக்குன்னு பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அதன்பிறகு தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டரை மணி நேரம் மகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடி விளையாடினாள். தறிக்காரர் தொலைபேசியில் இரைந்துகொண்டிருந்தார்: "மாமன் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும், மாப்பிள்ளையைப் பசியாறச் சொல்லுங்க. பிளேனை வண்டி இடிச்சுப்போட்டுது. நல்லவேளை, பக்கத்துல ஒரு அம்மணி பாத்துச்சு." கடைசி வாக்கியத்தை என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

புது விமானத்தில் எனக்கு நடு இருக்கை, அவருக்குச் சன்னலோரம். அவர் எழுந்து நின்றார்.

"நீங்களே இங்க உக்காருங்க அம்மணி. பாத்துட்டுச் சரின்னு சொல்லுங்க, பொறவு கெளம்பலாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் உட்கார்ந்து, கீழே நின்ற வண்டிகள் ஒவ்வொன்றும் விலகிப்போகும்வரை பார்த்தேன்.

"சரிங்க" என்றேன்.