காதைப் பொத்திய கைகள்

எங்கள் வீட்டில் பிசாசு இருந்ததாக ஒரு வருடம் நம்பினோம். நம்பினோம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. நான் நம்பினேன். என் மனைவி அரை மனதாகத்தான் இருந்தாள்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மிக்சி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். குக்கர் விசில் வருவதற்குள் வாசலுக்கு ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் வாந்தி எடுக்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். எல்லாம் செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்று நான் கத்துவேன். எனக்கு முன்கோபம். குரலும் பெரியது. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பி உருட்டும் மில்லில் பதினெட்டு வருட வேலை. அங்கே மெதுவாகப் பேசினால் எவன் காதிலும் விழாது. காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொள்கிறவனைப் புதுப்பெண் என்று கேலி செய்வோம். என் பங்கு லாக்கரில் கிடக்கும்.

சபையில்தான் விஷயம் வேறாகிவிட்டது. எங்கள் சபை, ஷீட் போட்ட ஒரு கூடம். நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஸ்பீக்கர் மட்டும் நாலு, ஒவ்வொன்றும் ஆள் உயரம். பாஸ்டர் மைக்கைப் பிடித்து "இயேசுவின் நாமத்தினாலே" என்று குரலைத் தூக்குவார். சரியாக அந்த நேரம் பார்த்து என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். பாட்டுக்குக்கூட அவ்வளவு அலற மாட்டாள். பின்னால் உட்காரும் ஒரு அக்கா என் மனைவியிடம் வந்து, அன்பாகத்தான் சொன்னார்.

"அந்தப் பேர கேட்டா காதப் பொத்திக்கிதுன்னா, உள்ள இருக்கறது கொயந்த இல்லமா."

அந்தப் பேச்சு எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதும் தூங்குவதும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. பெற்ற மகளைப் பார்த்தே பயப்படுகிற அப்பனாக இருந்தேன். அவள் கண்ணைப் பார்க்க மாட்டேன், உள்ளே இருந்து வேறு யாராவது என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போனேன். நடுப்பகல், ஷீட் கொதித்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் நல்ல மனிதர், எங்களுக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளை ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தினார்கள். வசனம் காதில் இறங்க வேண்டும், கையை எடுத்துவிடுங்கள் பிரதர் என்றார். அவளாக எடுக்கவில்லை. நான் பின்னால் மண்டியிட்டு, அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இறக்கினேன். முக்கால் மணி நேரம் விடவில்லை. கம்பி பிடித்துப் பழகிய கை இது, ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கடைசியில் அவள் துவண்டு என் மேல் சாய்ந்தாள். போய்விட்டது, போய்விட்டது என்று எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சந்தோஷத்தில் அழுதேன். பாவி.

மூன்று மாதம் அவள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினாள், என்னோடும்தான். ஆனால் என் கையை மட்டும் தொட மாட்டாள். ரோடு தாண்டும்போது நான் கையை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அவள் மறுபடி ஒரு தரம் என் கையைப் பிடிக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை. மில்லில் கம்பியைக் கவ்வும் கொறடு பிடித்திருக்கும்போது சில சமயம் அதன் இரண்டு பிடியும் சின்ன மணிக்கட்டுகளாகிவிடும். கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பேன். சூப்பர்வைசர் திட்டுவார். திட்டட்டும்.

என் மனைவிதான் என்னைக் கேட்காமல் திருவள்ளூருக்கு, ஒரு டாக்டரம்மாவிடம் நாள் வாங்கினாள். பிசாசும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார் அவர். சில பிள்ளைகளுக்குச் சத்தம் வலியாகவே இறங்குமாம், திடீரென்று எழும்பினால் தாங்காதாம். இயேசுவின் பெயருக்கு இல்லை, அந்த இடத்தில் மைக் சத்தம் எழும்புவதற்குத்தான் அவள் அலறியிருக்கிறாள். நான் மூன்று முறை "இன்னா, இன்னா" என்று கேட்டதைப் பார்த்து, என்னையும் காது பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணாடி அறையில் ஹெட்போனோடு உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தேன். அதற்குள் பாதி முடிந்துவிட்டதாக வெளியே நின்ற மனைவி பிறகு சொன்னாள்.

அந்த ரிப்போர்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது, காதை மில் தின்றுவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பொய் இல்லையே.

வீட்டில் குக்கரை எடுத்துப் பரண்மேல் போட்டோம், சோறு வடிக்கிறோம். மிக்சி அவள் பள்ளிக்குப் போன பிறகுதான். லாக்கரில் கிடந்த பஞ்செல்லாம் அவளுக்கானது. மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளியிருந்த வகுப்பறைக்கு அவளை மாற்றிக்கொடுத்தார் ஹெச்.எம். சபைக்குப் போய்ச் சத்தத்தைக் குறையுங்கள் என்று நான் கேட்டது டீக்கடை வரைக்கும் கேட்டதாம். பாஸ்டர் சிரிக்கவில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மைக்கும் கிடையாது, ட்ரம்ஸும் கிடையாது. இதென்ன ஆராதனை, எழவு வீடா என்று சிலர் வேறு சபைக்குப் போனார்கள். அதுவரை சத்தம் தாங்காமல் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்த சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பிரசங்கம் எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. பாஸ்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பின்தங்கி வந்து என் வலது பக்கம் நடந்தாள், அந்தக் காதுதான் கொஞ்சம் தேவலை.

"அன்னிக்கு ஏம்ப்பா என் கைய வுடல?"

ஆறு வருடமாக அவள் கேட்காத கேள்வி. என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"அப்பாக்குதான் காது கேக்காதேமா. அம்மாம் பெரிய சத்தம்னு தெரில."

அவள் கோபப்படவில்லை.

"காது கேக்காது, சரி. என் கை நடுங்கிக்கினே இருந்துச்சே. அது கையில தெர்லயா?"

தெரிந்தது. முதல் நிமிடத்திலிருந்தே தெரிந்தது. என் கட்டைவிரலுக்கு அடியில் அவள் நாடி ஓடிய வேகம்கூடத் தெரிந்தது. நடுங்குவது அவள் இல்லை, உள்ளே இருப்பது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"தெரிஞ்சிச்சுமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு வேகமாக நடந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். நான் கூப்பிடவில்லை.