ஒரு நாளுக்கு ஒரு சொம்பு

கழுத்தில் நசுங்கல் விழுந்த அந்தப் பித்தளைச் சொம்பு இப்போது என் மாமனாரின் படத்துக்கு முன்னால் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்த கடைசி இரண்டு கோடையிலும், தினமும் காலையில் அதில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து அவருடைய கட்டிலருகே வைத்தவள் நான். அன்றைய பொழுது முழுக்க அவருக்கு அவ்வளவுதான். காபி குடித்தால் சொம்பிலிருந்து அந்த அளவைக் குறைப்பேன். ரசம் கேட்டால் அதற்கும் குறைப்பேன். நெய்வேலி வெயிலில் ஒரு பெரிய மனிதருக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதைப் போல் கேவலமான வேலை வேறு இல்லை. என் கணவர் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். அவர் திரும்பும்வரை வில்லியாக இருக்க வீட்டில் ஒருத்தி வேண்டுமே, அதற்கு நான் இருந்தேன்.

மாமனார் சுரங்கத்தில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். இறைப்பது நின்றால் தண்ணீர் அடியிலிருந்து முட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் ஏறிவிடும். ஆயுள் முழுக்கத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துபோயின. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ரத்தத்திலிருந்து கழிவையும் மிகுதித் தண்ணீரையும் பிரித்து வெளியே அனுப்புவது சிறுநீரகத்தின் வேலை, அது நின்றுவிட்டதால் இனி அவர் குடிப்பதெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உடம்புக்குள்ளேயேதான் நிற்கும் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். "அளந்து குடுங்கம்மா. இளநீர் மட்டும் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். சொல்வதற்கென்ன, வீட்டில் நின்று அளக்கப்போவது அவரா?

மாமனாரிடம் இதெல்லாம் எடுபடவில்லை. "என்னாம்மா சொல்ற? தண்ணி இல்லாம ஓட்டுனா மோட்டார் எரிஞ்சிபூடும். கிட்னி வீக்கா இருக்குன்னா தண்ணிய வுட்டுக்கினே இருக்கணும். அப்பதான் அது புடிச்சிக்கினு ஓடும்" என்பார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மோட்டார் உங்க நெஞ்சுல இருக்கு மாமா, அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. வெளிய போற லைன்தான் அடைச்சுப்போச்சு. அடைச்ச லைன்ல மேல மேல தண்ணி விடுவீங்களா?"

அவர் யோசித்தார். "அப்போ குடிக்கிற தண்ணி எங்கதான் போவுது?"

அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது, விழுந்தது அப்படியே நின்றது. "முதல்ல இங்க. ரத்தத்துல தண்ணி ஏற ஏற, இதயம் அத்தனையையும் தள்ளித் தள்ளிக் களைச்சுப்போயிடும். அப்புறம் நுரையீரல்ல கசியும். காத்து போற எடத்துல தண்ணி நின்னா மூச்சு எப்படி விடுவீங்க?"

அந்தக் குழியை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "புரியுதும்மா. நாக்குக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

எங்கள் பிளாக்கில் நல்லவர்கள் அதிகம். அதுதான் எனக்குத் தலைவலி. நான் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்டதும் மாமனார் வேலியோரம் நடக்க ஆரம்பித்தார். போகிற வருகிறவர்களிடம் தண்ணீர் கேட்டார். கேட்ட வாய்க்கு யார்தான் இல்லை என்பார்கள்? அவர்களில் எதிர் குவார்ட்டர்ஸ் அக்காதான் முதல் ஆள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மாமனாரை அப்பா என்று கூப்பிட்டுப் பழகியவர். நானும் வாய் வலிக்க எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பாவம்மா, நாக்கு வறண்டு கேக்குறாரு. ஒரு வாய் தண்ணி குடுத்தா செத்தா போயிடுவாரு?" என்றார்.

"ஆமாக்கா, செத்துப்போயிடுவாரு" என்றேன்.

"வாயக் கழுவு மொதல்ல" என்றார். அதற்குப் பிறகு பால் பூத்தில் என்னைக் கண்டாலே பேச்சு நின்றுபோகும். மாமனாருக்குத் தண்ணீர் கொடுக்காத மருமகள் என்று ஊர் முழுக்க எனக்குப் பேர் கிடைத்துவிட்டது.

அந்த வைகாசி ஞாயிற்றுக்கிழமை நான் காலையில் சந்தைக்குப் போய்த் திரும்பினேன். வேலியோரம் வெட்டிய இளநீர்க் கூடுகள் கிடந்தன. மாமனார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்ததை நான் பல மாதங்களாகப் பார்க்கவில்லை. "எதுத்த வூட்டுப் பொண்ணு வாங்கியாந்து குடுத்துச்சும்மா. வாணாம்னு சொல்ல மனசு வரல" என்றார். இளநீரில் இருக்கிற பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளாவிட்டால் அது ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியிருந்தது. மத்தியானத்துக்குள் அவரால் படுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். ஆஸ்பத்திரியில், "என்ன குடிச்சார்?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றது.

சாவு வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் எதிர்வீட்டு அக்காதான். "என் கையால எளநி குடிச்சு மனசு குளுந்துதான் போனாரு எங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சுற்றியிருந்த பெண்கள் அவர் முதுகைத் தடவிவிட்டார்கள். கடைசியில் அந்தப் புண்ணியமாவது கிடைத்ததே என்றார்கள். என் பக்கம் ஒருத்தி கூடத் திரும்பவில்லை. நான் எழுந்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும், அந்த அழுகை அங்கேயே நின்றிருக்கும். என் கணவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விட்டுடு. சொன்னா அவங்க தாங்க மாட்டாங்க" என்றார்.

நான் மட்டும் தாங்குவேன் என்று எல்லாருக்கும் எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்கு ஆறாத கேள்வி அது. அக்காமீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் அன்போடுதான் கொடுத்தார் என்பது தெரிந்திருப்பதால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அமாவாசைதோறும் படையல் போடுகிறோம். அக்காவும் வருவார். போன அமாவாசைக்கும் வந்தார். நான் பழக்க தோஷத்தில் சொம்பில் முக்கால்வாசிதான் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவர், "நெறைய ஊத்தும்மா. இப்பவாவது அவர் வயிறார குடிக்கட்டும்" என்றார்.

குடத்தைத் தூக்கி வந்து ஊற்றினேன். சொம்பு நிரம்பியது. நான் நிறுத்தவில்லை. தண்ணீர் வழிந்து இலைக்கடியில் ஓடி அக்காவின் புடவை விளிம்பை நனைத்தது.

"போதுமாக்கா?" என்று கேட்டேன்.

"இத அன்னிக்கே ஊத்தியிருக்கலாம்லம்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தேன்.