மூன்றாவது மாடி, காட்டன் பிரிவு

பி.எட். முடித்த பிறகு இரண்டு வருஷம் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, யார் யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட இன்டர்வியூவுக்குப் போவதும், "சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு திரும்புவதும் பழகிப்போயிருந்தது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கும் அப்படித்தான் போனேன்.

ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக் காட்டச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். வகுக்கும்போது எதற்குத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். நான் படித்த காலத்தில் இதைக் கேட்டிருந்தால் "சொன்னதைச் செய்" என்று உட்கார வைத்திருப்பார்கள். ஒரு தாளை நாலாக மடித்துக் காட்டினேன்.

"ஒரு தாள்ல எத்தனை கால் இருக்கு?"

"நாலு மிஸ்!"

"அப்போ ஒண்ணைக் காலால வகுத்தா?"

"ஓ..." என்றாள். அந்த "ஓ" பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரை போனது.

மணி அடித்ததும் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு, "ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்துடுங்க" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். வயது ஐம்பதைத் தாண்டியும் அங்கே சேல்ஸ் கேர்ள்தான். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவள் வீடு திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பஸ் ஏறிவிட்டேன்.

மூன்றாவது மாடியில் என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்தது. ஆனால் வாய் வழக்கம்போல, "வாங்க மேடம், என்ன மாதிரி பாக்குறீங்க?" என்றது. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார். அவர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னாடி, வூட்ல எதனா ஆயிடுச்சா? உங்க நைனா நல்லா கீறாரா?" என்றாள்.

"டீச்சர் வேலை கெடச்சிடுச்சும்மா."

புடவையை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்ப, கை மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு புடவையாக உதறி விரித்தாள். "இது வோணாம், சாக்பீஸ் தூசி பளிச்சுனு தெரியும். இது வழுக்கும், கையத் தூக்கி போர்டுல எழுதுனா தோள்ல நிக்காது." பதினைந்து புடவையாவது இருக்கும். என் முகத்தை மட்டும் அவள் பார்க்கவே இல்லை.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர். "என்னக்கா, கடையையே விரிச்சுப்புட்டிய? அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டியளா?"

"எம் பொண்ணு சார்! டீச்சராயிட்டா!"

அம்மா போட்ட சத்தத்தில் பில் போடுகிறவர்கூட எட்டிப் பார்த்தார். அம்மாவுக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்து, "எந்தப் பாடம்?" என்றார்.

"கணக்கு சார்."

"கணக்கா! எனக்கும் அதுக்கும் ஆவவே ஆவாது," என்று சிரித்தார். "அக்கா, கீழ போயி ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க. இதெல்லாம் நான் மடிச்சு வைக்கேன்."

டீக்கடையில் அம்மா என் போனை வாங்கி நைனாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினாள். நைனா ஆட்டோ ஓட்டுகிறவர். அடையாறு சிக்னலில் நிற்பதாகச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா? இன்னொரு வாட்டி சொல்லு!"

சொன்னேன். அந்தப் பக்கம் அவர் திரும்பி யாரிடமோ, "எம் பொண்ணு டீச்சராயிட்டாம்மா!" என்பது கேட்டது. சவாரிக்கு ஏறிய பெண்மணி போலிருக்கிறது. "அப்படியா! எந்த கிளாஸுக்கு?" என்றார்.

"பன்னெண்டாவதுக்கு!" என்றார் நைனா, கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் ஒரு அடி வைத்தாள். "சும்மா இருடி, சொல்லிக்கட்டும்."